தபசு அன்றைக்கு மில்லுக்குள் இருந்த தேவசகாயம் அண்ணாச்சி

தேவசகாயம் அண்ணாச்சி போய்விட்டார். காலையில் அவர் மகள் போனில் சொன்னாள். தூக்கத்திலேயே...

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லில் சங்கம் கட்டியவர்களில் ஒருவர். சங்கச் செயலாளர். நூல் நூற்கும் ரிங் பிரேமில் வேலை. நான் அப்போது ஒரு நாளிதழுக்கு உள்ளூர் நிருபர்.

சங்கத்தில் சேர்ந்த சிலரை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. அவர்களைத் திரும்ப எடுக்கும்வரை மில்லுக்குள்ளேயே உட்காருவது என்று தொழிலாளிகள் முடிவு செய்தார்கள்.

வாசலில் உட்கார்ந்தால் ஆகாதா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"வெளிய உக்காந்தா நாளைக்கே லாரியில ஆள் எறக்கிருவான் வே. குருவிகுளம் பக்கம் மழையே கெடையாது. அங்க உள்ளவன் பாவம், கூப்பிட்டா வரத்தான செய்வான்? நாங்க மிஷின் பக்கத்துல இருந்தா எவன் வந்து ஓட்டுவான்?"

வெளியே போக யாருக்கும் தடை இல்லை. போனவர் திரும்ப உள்ளே வர முடியாது. அதுதான் நிர்வாகத்தின் உத்தரவு.

வீட்டிலிருந்து சாப்பாடு வரும். கம்பி இடைவெளியில் தூக்குவாளி நுழையாது. அதனால் சோற்றை இலையில் பொட்டலம் கட்டித் தள்ளுவார்கள். குழம்பையும் வெளியிலேயே ஊற்றிப் பிசைந்து... எந்தப் பொட்டலம் எந்த வீட்டுடையது என்று வாசனையிலேயே சொல்லிவிடுவார் அண்ணாச்சி.

அவர் சிறுவயதில் சர்ச் பாடகர் குழுவில் இருந்தவர். கோஷம் போட்டால் அது எப்படியோ கீர்த்தனை ராகத்தில்தான் வரும்.

"ஏ வே, இது கோஷமா செபக்கூட்டமா? கடைசில காணிக்கைத் தட்டு வருமா?" என்பார் கோமதிநாயகம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவுக்காரர். வாய் ஓயாது.

"வரும். ஒம்ம கிட்ட மட்டும் நீட்ட மாட்டேன், தட்டையே தூக்கிட்டுப் போயிருவீரு."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் சங்கரன்கோவில் அம்பாளின் ஆடித்தபசுத் திருவிழா வந்தது.

அன்று காலை மானேஜர் கேட்டை அகலமாகத் திறந்துவைத்தார். மைக்கில் பேசினார். "அம்பாள் தபசு. எல்லாரும் போய் சாமி கும்பிடுங்க. நாளைக்குப் பேசிக்கிடலாம்."

மில் காலியானதும் பூட்டிவிடுவார்கள், மறுநாள் லாரி வந்துவிடும் என்று உள்ளே எல்லோருக்கும் தெரியும். ஆனால் சப்பரத்தின் மேல் பருத்தி வீசுவதாக நேர்ந்துகொண்டவர்கள் அவர்களில் நிறையப் பேர். வீட்டுப் பெண்கள் கேட்டருகே வந்து நிற்கிறார்கள்...

அண்ணாச்சி, "போக வேண்டாம்" என்றுதான் ஆரம்பித்தார்.

கோமதிநாயகம் எழுந்துவிட்டார். "ஒமக்கென்ன வே, நீரு வேதக்காரரு. ஒமக்குத் தபசா திருநாளா? கிறிஸ்மஸ் அன்னைக்கு ஒம்மள இங்கன உக்காரச் சொன்னா உக்காருவீரா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு, "சரி. எல்லாரும் போங்க. நாங்க வேதக்காரங்க உள்ள இருக்கோம்" என்றார்.

மொத்தமே நாலு பேர்.

"நாலு பேரையும் போலீஸ் தூக்கிட்டுப் போயிட்டா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"தூக்கட்டும். உங்க வீட்டுப் பொட்டலத்த எல்லாம் தின்னுருக்கேன்லா, என்னத் தூக்கவே நாலு ஏட்டு வேணும்."

போனார்கள். கேட் மூடியது.

சாயங்காலம் அண்ணாச்சி கேட்டருகே குத்தவைத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பக்கமிருந்து மேளம் கேட்டது.

"வருவாங்களா அண்ணாச்சி?"

"தெரியல வே. பேப்பர்ல போட்டுறாதீரும்."

சட்டென்று எழுந்தார். "வந்தாலும் கேட் வழியா விட மாட்டான். பின்சுவருதான். உள்பக்கம் சிமெண்டுத் தரை வேற..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே நடந்தார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சுவருக்கு உள்ளே நாலு பேரும் கழிவுப் பஞ்சு மூட்டைகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஒருவரும் வருவதற்கு முன்பே.

அப்புறம் வந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு, நெற்றி நிறையத் திருநீறோடு, வரப்பு வழியாக.

முதலில் ஏறியவர் கோமதிநாயகம். கீழே அவர் மனைவி தோள் கொடுத்துத் தள்ளினார்.

"ஏட்டி, மெதுவா. விழுந்துருவேன்."

"விழுந்தா உள்பக்கமா விழுங்க. வெளிய விழுந்தா வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

சுவர்மேல் உட்கார்ந்து அவர் குனிந்து பார்த்தார். "கீழ என்ன வே போட்டு வச்சிருக்கீரு?"

"பஞ்சுதான். குதியும்."

"பொங்கல் கொண்டாந்திருக்கேன். கோயில் பொங்கல். திம்பீரா, இல்ல பாஸ்டருகிட்டக் கேக்கணுமா?"

"மொதல்ல பொங்கலப் போடும். பெறகு நீரு குதியும்."

வாட்ச்மேன் கேட்டை விட்டு அசையவில்லை. பின்சுவர் அவர் பொறுப்பில் இல்லையாம்!

மறுநாள் லாரி வந்தது. கேட் வரை வந்து திரும்பிப் போனது. சில நாளில் பேச்சுவார்த்தை நடந்தது, நீக்கப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

தபசுக்குப் போய்த் திரும்பாதவர்களும் சிலர் உண்டு. யார் யார் என்று பிற்பாடு அண்ணாச்சியிடம் பல தடவை கேட்டுப் பார்த்தேன். "கூட்டத்துல பஸ் கெடைச்சிருக்காது வே" என்பார். மில்லிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம்.

நான் ஏறிய பஸ் இப்போது கோவில்பட்டி தாண்டிவிட்டது. அடக்கத்துக்கு முன்னால் வந்துருவேன் அண்ணாச்சி.