விமானத்தின் வயிற்று நிறம்

என் வீட்டுக்காரர் தச்சர். வில்லியனூரில் மாட்டு வண்டி செய்தார். மரவேலை அவருடையது, வர்ணம் என்னுடையது. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. செடியில் பழுத்த மிளகாயைப் பறிக்கச் சொன்னால் தடவிப் பார்த்துப் பறிப்பார். என் அப்பா நீலச்சாயத் தொட்டியில் வேலை பார்த்தவர். அதனால் நீலத்தில் எத்தனை வகை என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். எழுத்து அவ்வளவாகத் தெரியாது.

அப்போது இரண்டாம் உலகச் சண்டை. புதுச்சேரியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவனை எங்கள் பக்கம் சொல்தா என்போம். என் தம்பியும் சொல்தா ஆனான். ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏற்றுவார்கள் என்று பேச்சு. எங்களுக்கு அப்பா அம்மா போய்விட்டார்கள். எனக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த சார்ஜன் ஒருநாள் எங்கள் பட்டறைக்கு வந்தார். தமிழர்தான். முன்பே ஒரு சண்டைக்குப் போய்த் திரும்பியவர். பன்னிரண்டு மர விமானம் கேட்டார். ஜெர்மன்காரன் விமானம், முழ நீளத்தில். ஆட்கள் பார்த்து அடையாளம் பழக வேண்டுமாம். துணியைப் பிரித்து இரண்டு தகடுகளை எடுத்தார். சுட்டு வீழ்த்திய விமானத்திலிருந்து வெட்டியது. முதுகுத் தகடு மணல் நிறம். வயிற்றுத் தகடு வெளிர் நீலம்.

"கீழ நிக்கிறவனுக்கு வயிறுதாம்மா தெரியும். நம்ம பக்கத்து விமானத்துக்கு வயித்து நீலத்துல பச்சை ஓடும். இவனுக்கு ஓடாது. அது தப்பாப் போச்சுன்னா நம்ம ஆளையே சுட்டுப்புடுவானுங்க" என்றார்.

மணல் நிறம் அரை நாளில் வந்தது. மஞ்சள் காவியும் சீமைச் சுண்ணாம்பும், விரல் நுனியில் கொஞ்சம் செங்காவி. நீலம் எட்டு நாள் எடுத்தது. அவுரி நீலத்தைச் சுண்ணாம்போடு அரைத்தேன். விளக்குக் கரி சிட்டிகை போட்டேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அப்பா செய்கிற மாதிரி துணிக் கிழிசலில் தடவி, நன்றாகக் காயவிட்டு, காலை வெளிச்சத்தில் தகட்டின் மேல் ஒட்டிவைத்துப் பார்ப்பேன். துணி எங்கே முடிகிறது, தகடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போக வேண்டும். எட்டாம் நாள் அப்படிப் போனது.

வண்டிக்கு அடிப்பதைப் போல எண்ணெயில் குழைத்து ஒரு விமானத்துக்கு அடித்தோம். சார்ஜன் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாண வண்டியாட்டம் மின்னுது. ஜெர்மன்காரன் பொண்ணு பாக்கவா வர்றான்?"

தகட்டில் மினுக்கம் கிடையாது. எண்ணெயை விட்டுப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்தேன். சாமி வாகனங்களுக்கு அப்படித்தான் அடிப்பார்கள். மங்கலாக, தகட்டைப் போலவே அச்சு அசலாக வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் இறக்கையெல்லாம் திட்டுத் திட்டாக மரம் தெரிந்தது. பசைக்குக் கரப்பான்பூச்சி வந்து தின்றிருக்கிறது.

"கரப்புக்குக் கூட ஜெர்மன்காரன புடிக்கல" என்றார் வீட்டுக்காரர்.

பசையைப் பூச்சி தொடாமலிருக்க மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பைப் போடுவது எல்லாரும் செய்கிற வேலை. நானும் போட்டேன். அடித்த அன்று தகட்டோடு வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பன்னிரண்டும் பட்டாளத்துக்குப் போயின. இன்னும் சில விமானம் வேண்டியிருக்கும் என்று சார்ஜன் தகடுகளை எங்களிடமே விட்டுப் போனார்.

இரண்டு ஞாயிறு கழித்துத் தம்பி வந்தான். சோறு போட்டேன். அவன் என்ன படித்தான் பார்ப்போம் என்று வயிற்றுத் தகட்டைக் காட்டினேன்.

"இது யாரு விமானம்டா?"

"நம்மளுது."

"நல்லா பாரு."

"நம்மளுதுதான்கா. ஜெர்மன்காரனுக்கு வயித்துல பச்சை ஓடும். தெனம் பாக்குறோமே" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டான்.

நான் எழுந்து போய் வர்ணம் கலக்கிய குச்சியை எடுத்து வந்தேன். அதில் ஒட்டிக் காய்ந்திருந்த நீலம் பச்சையாகத் திரும்பியிருந்தது. மயில்துத்தம் சுண்ணாம்போடு சேர்ந்து செய்த வேலை. சாமி வாகனத்தில் பச்சை மயிலும் கிளியும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள். நான் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"வாய மூடிக்கினு இரு. இது பட்டாள சமாச்சாரம். வேணும்னே பண்ணோம்னு புடிச்சு உள்ள போட்டான்னா இன்னா பண்ணுவ?"

தம்பியும் அதையே சொன்னான். "வர்ற வாரம் கப்பலு. வுடுக்கா. நான்தான் தெரிஞ்சுக்கினேனே."

"உன் பக்கத்துல நிக்கிறவன் தெரிஞ்சுக்கினானா?" என்று கேட்டேன். அவன் கை கழுவப் போய்விட்டான்.

மறுநாள் காலை ரயிலில் புதுச்சேரி போனேன். கூடையில் தகடும் குச்சியும். சார்ஜன் ஒரு விமானத்தை எடுத்து வந்து வெளிச்சத்தில் தகட்டை அதன் வயிற்றில் வைத்தார். இரண்டு நிறமும் ஒட்டவில்லை.

"நீ வந்தது உன் வூட்டுக்காரனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போகச் சொன்னானா?"

"இல்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. "நாலு நாள்ல கப்பல்" என்றார். அன்று மாலையே பன்னிரண்டும் எங்கள் வீட்டில் இறங்கின.

பசை வர்ணம் சுடுதண்ணீரில் வந்துவிடும். வயிற்றை மட்டும் கழுவினேன். இந்தத் தடவை துத்தம் போடவில்லை. கரப்பு தின்றால் தின்னட்டும், கப்பல் புறப்படும் வரை தாங்கினால் போதும். வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. ஆனால் உத்தரத்திலிருந்து நூல் கட்டி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார், பூச்சி ஏறாமலிருக்க.

மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார்ஜன் ஆட்களை வரிசையில் நிற்க வைத்து, இதுவரை படித்த நிறம் தப்பு என்று சொன்னார். தகட்டை ஒவ்வொருவன் கையிலும் கொடுத்து, மேலே பிடித்துப் பார்க்கச் சொன்னார். வரிசையில் ஒருவன் தம்பியிடம், "உங்கக்கா புண்ணியத்துல மொதல்லேந்து படிக்கணும்பா" என்றான். தம்பி என் பக்கம் திரும்பவில்லை. அவன் முறை வந்தபோது தகட்டை மற்றவர்களை விட அதிக நேரம் வைத்திருந்தான்.

கப்பல் போனது.

சண்டை முடிந்து அவன் திரும்பி வந்தான். இடது காது கேட்காது. அங்கே நடந்ததை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவனாகச் சொன்னான்.

"விமானம் மேல பறந்தா எல்லாம் கருப்பாத்தான்கா தெரியுது. நிறமே தெரியல."

"அப்ப நாம பண்ணதெல்லாம் வீணா?"

"ஒரே ஒரு நாளு ரெண்டு விமானம் தாழ வந்துச்சு. எல்லாரும் துப்பாக்கியத் தூக்கிட்டானுங்க. வயித்துல பச்சை ஓடுச்சு, நம்மளுது. சுடாதீங்கடான்னு கத்துனோம்."

"சுட்டாங்களா?"

"இல்ல" என்றான். மோர் கேட்டான். ஊற்றினேன்.