நானே கேட்டாலும் சொல்லாதே

என் கணவர் முப்பது வருடங்களுக்கு மேல் கோடம்பாக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். திரையில் ஒருவர் வாயசைக்க, வேறொருவர் பேசியிருப்பார். இருமலை வெட்டி, மூச்சை ஒட்டி, எல்லாம் ஒரே ஆள் பேசியது போல ஆக்கித் தருவதுதான் இவர் தொழில். அதனாலோ என்னவோ, உலகத்தில் யார் குரலையும் நம்புவதில்லை. நான் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் மறுபேச்சில்லாமல் நம்பி வந்துவிடுவார்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வியன்னாவில் ஒரு பழைய இசையரங்கில் உட்கார்ந்து, ஒலிபெருக்கி இல்லாமல் வாத்தியங்களைக் கேட்க வேண்டும். ஐப்பசி பிறந்ததும் போவதாக முடிவாயிற்று. நான் ஸ்வெட்டர் வாங்க தி. நகர் போகலாம் என்றேன். அவர் ஃபோன் வாங்கப் போகலாம் என்றார்.

"இருக்கற ஃபோனுக்கு என்ன?"

"அதுல பேங்க், ஆதார், உன் சித்தி பொண்ணு கல்யாண ஆல்பம்னு எல்லாமே இருக்கு. வெளிநாட்டுல தொலைஞ்சா என்ன ஆகறது?"

லேப்டாப் கூடாதாம், சுமை. டேப்லெட் கூடாதாம், சட்டைப்பையில் அடங்காது. என் ஃபோன் கூடவே கூடாதாம், எல்லாவற்றுக்கும் நான் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன். ஆக, புத்தம்புதிதாக ஒன்று, அதில் மெயிலைத் தவிர எதுவும் ஏற்றாமல்.

பாண்டி பஜார் கடையில் இருந்தவர் பாவம். கேமராவைக் காட்டினார், கலரைக் காட்டினார். இவரோ, செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷத்துக்கு வரும், கழற்றிப் போட்டாலும் உள்ளே இருப்பது பூட்டியே இருக்குமா, திருடு போனால் இங்கிருந்தே அழிக்க முடியுமா என்று அரை மணி நேரம் குடைந்தார். கடைசியில் கடைக்காரர் என்னைப் பார்த்து, "மேடம், சார் ஃபோன் வாங்க வந்தாரா, இல்ல ரெய்டுக்கு வந்தாரா?" என்றார். ஃபோன் வாங்கினோம். ஸ்வெட்டர் வாங்க நேரம் இல்லை.

கச்சேரி டிக்கெட்டுகள் அவருடைய மெயிலில் இருந்தன. ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாமே என்றேன். "காகிதத்தை யார் வேணா எடுத்துடுவாங்க" என்றார். பாஸ்போர்ட்டும் காகிதம்தானே என்று கேட்க நினைத்தேன். அதையும் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

என் ஃபோனை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். பேங்க் மெசேஜ் ஏதாவது வந்தால் தெரிய வேண்டும் என்று அவருடையதை மட்டும் அணைக்காமல் கீழ்வீட்டில் ஒப்படைத்தார். கீழ்வீட்டில் இருப்பவள் மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை யக்கா என்பாள், அவரை சாரு என்பாள். அவளை உட்காரவைத்துப் பாடமே நடத்தினார்.

"தினம் சார்ஜ் போடும்மா. யாராவது நம்பர் கேட்டா, ஓடிபி கேட்டா, சொல்லவே கூடாது. பேங்க்ல இருந்து பேசறேன்னு சொல்வாங்க. போலீஸ்னு சொல்வாங்க. இப்பல்லாம் என் குரல்லயே பேசுவாங்க. நானே கேட்டாலும் சொல்லாதே."

"நீயே கேட்டாலும் சொல்லக்கூடாதா சாரு?"

"சொல்லாதே."

"செரி. உடு, நான் பாத்துக்கறேன்."

விமான நிலையத்திலேயே, யாராவது பிடுங்கிப் பார்த்துவிட்டால் என்னாவது என்று புது ஃபோனில் மெயிலிலிருந்தும் வெளியேறிவிட்டார். பாஸ்வேர்டு மனதில் இருக்கிறதாம். வியன்னாவில் இறங்கிய பிறகு ஹோட்டலின் இலவச வைஃபையை அவர் தொடவே இல்லை. வெளிநாட்டுக்கென்று வாங்கிய சிம்மில்தான் எல்லாம். ஒரே ஃபோன், இரண்டு பேர். வழி பார்ப்பதும் படம் எடுப்பதும் அவர். குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பது நான்.

கச்சேரி நாள். பிற்பகல் இரண்டு மணிக்கு ஹோட்டல் அறையில் மெயிலைத் திறந்தார். பாஸ்வேர்டை ஒரே தடவையில் சரியாக அடித்தார். புது நாடு, புது ஃபோன், நீங்கள்தானா என்று உறுதி செய்ய உங்கள் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது.

"பாத்தியா, எவ்வளவு பாதுகாப்பு!" என்று என்னிடம் திருப்பிக் காட்டினார்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த எண் உள்ள ஃபோன் மந்தைவெளியில், கீழ்வீட்டில் அல்லவா இருக்கிறது!

ஹோட்டல்காரர்களை விட்டு அரங்கத்துக்கு ஃபோன் செய்து கேட்டோம். முன்பதிவு எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள். அதுவும் மெயிலில்தான். வேறு வழியில்லாமல் கீழ்வீட்டுக்காரியின் ஃபோனுக்கே அழைத்தார். வெளிநாட்டு எண் என்பதால் மூன்று முறை கட் செய்தாள். நான்காவது முறை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"யார்ராது, சும்மா சும்மா போன் பண்ணிக்கினு?"

"நான்தாம்மா, மாடி வீட்டு சார்."

"அட, சாரு குரலாட்டமே கீதே! நல்லாத்தான் கத்துக்கினு வந்துகீற."

"நிஜமாவே நான்தாம்மா. என் ஃபோன்ல ஒரு மெசேஜ் வந்திருக்கும், ஆறு நம்பர்..."

"கேட்டியா! நம்பரு கேப்பான்னு சாரு அப்பவே சொன்னாரு. கஸ்மாலம், வேற பொழப்பு இல்ல உனக்கு?"

வைத்துவிட்டாள். அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். பெருமைதான் வந்தது. "சொன்னதை அப்படியே செய்யறா பாரு" என்றார்.

மறுபடி அழைத்து நான் பேசினேன்.

"இப்ப யக்கா குரலா? இன்னாடா, குடும்பத்தையே வச்சிகினு கீறியா?"

வீடியோவில் வந்தோம். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் உற்றுப் பார்த்தாள். மூஞ்சியையும் மாற்றுவார்கள் என்று சாரு சொல்லியிருப்பதாகச் சொன்னாள். பாடத்தின் அந்தப் பகுதி எனக்குத் தெரியாது. நான் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று சிரித்தேன். இவர் கெஞ்சினார். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"செரி, ஒண்ணு கேக்கறேன். அது சாருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். கரெக்டா சொன்னா நீ சாரு. புரட்டாசி மூணாவது சனிக்கெயம, சாரு எங்க வூட்டாண்ட வந்து இன்னா துன்னாரு?"

அந்த மாதம் முழுக்க அவர் மீன் தொடாமல் விரதம் இருந்தார். அப்படித்தான் எனக்கும், தெருவுக்கும், அவருடைய அண்ணனுக்கும் அறிவிப்பு. சனிக்கிழமைகளில் நெற்றியில் நாமம் வேறு.

அவர் ஃபோனை வாயருகே கொண்டுபோய் ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல உழல, சத்தமா சொல்லு."

"வஞ்சிரம் வறுவல்."

"எத்தினி துண்டு?"

"ரெண்டு."

"அப்ப நீ சாரு இல்ல."

"மூணு! மூணு துண்டும்மா!"

"ஐய, சாரு நீதானா! இன்னா சாரு, மொதல்லயே சொல்றதில்ல? யக்கா பக்கத்துலயா கீது?"

பக்கத்தில்தான் இருந்தேன்.

இந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் அந்தக் குறியீடு காலாவதியாகிவிட்டது. இன்னொன்று அனுப்பச் சொன்னோம். அவள் ஒவ்வொரு எண்ணாக, மீன் எடை சொல்கிற அதே உரத்த குரலில் சொன்னாள். டிக்கெட் திறந்தது.

அன்று மாலை அரங்கத்தில் முதல் வயலின் எழுந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் இருமலை வெட்டியவர், பின் வரிசையில் யாரோ இருமியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். வஞ்சிரத்தைப் பற்றி அங்கே பேச எனக்கு மனம் வரவில்லை. ஹோட்டலுக்குத் திரும்பும் டிராமில் பேசினேன்.

மறுநாள் காலை, ஃபோன் கையில் இல்லாதபோது பயன்படுத்தும் மாற்றுக் குறியீடுகளை ஒரு காகிதத்தில் எழுதி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்தார். ஆம், காகிதத்தில்தான். இரண்டாவது எண் என்ற இடத்தில் என் எண்ணைச் சேர்த்தார். "அடுத்த தடவை உன் ஃபோனும் வரட்டும். பாஸ்வேர்டை மட்டும் மாத்திக்கோ" என்றார். மாற்றிக்கொண்டேன்.

ஊர் திரும்பி, சாக்லேட் டப்பாவோடு கீழ்வீட்டுக்குப் போனோம். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுற்றிவைத்திருந்த ஃபோனைக் கொடுத்துவிட்டு, எத்தனை ஏமாற்றுக்காரர்களை விரட்டினாள் என்று கணக்குச் சொன்னாள். "ஒருத்தன் சாருக்கு அண்ணன்னு சொல்லிக்கினு மூணு நாளு உடாம போன் பண்ணான் யக்கா. சாரு ஆதார் நம்பர் வோணுமாம், ஏதோ வூட்டுப் பத்திரத்துக்கு. உட்டேன் பாரு ஒரு டோஸு!"

இவர் ஃபோனைத் திறந்து பார்த்தார். அது அண்ணனேதான்.

அன்று சாயங்காலமே மாம்பலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஆதாரும் மைசூர்பாகுமாகப் போனோம். அவர் கோபமாகத்தான் கதவைத் திறந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுக் கொஞ்சம் இளகினார். அண்ணி காபி கொண்டுவந்தார். காபியை ஆற்றியபடியே அண்ணன் தம்பியிடம் கேட்டார்.

"எல்லாம் சரிடா. அந்தப் பொண்ணு கடைசியா என்னை ஒரு வார்த்தை சொன்னா. எனக்கு எழுபத்திரண்டு வயசாகுது, அதுக்கு மட்டும் அர்த்தம் தெரியல. நீ கேட்டுச் சொல்றியா?"

என்ன வார்த்தை என்றும் சொன்னார். எனக்கு அர்த்தம் தெரியும். காபி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னேன்.