ஹால்டிஸ் கொடி இறக்கும் விதம்

மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்திருக்கும் எங்கள் ஃபியோர்டில் கோடைக்காலப் பயணிகள் படகு நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பும். அதன் கீழ்த்தட்டில் நான் வாஃபிள் சுட்டு, காபி ஊற்றிக் கொடுக்கிறேன். என் அடுப்பு இருக்கும் இடத்தில் ஜன்னல் கிடையாது. படகு எங்கே போகிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். அருவிக்குப் பக்கத்தில் போனால் மேலே எல்லோரும் கூவுவார்கள். மலை வளைவில் ஹாரன் ஒலிக்கும். அந்த ஹாரன் ஹால்டிஸுக்கு.

ஹால்டிஸின் வீடு அந்த வளைவுக்கு மேலே, சரிவில் இருக்கிறது. கல்யாணமாகி வந்த கோடையிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். படகு வரும் நேரத்துக்கு உருளைக்கிழங்குப் பானையை அடுப்பிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு முற்றத்துக் கொடிக்கம்பத்துக்குப் போவார். போகிற படகுக்கு வணக்கம் சொல்லும் முறைப்படி, கொடியைப் பாதிக் கம்பம் வரை மெதுவாக இறக்குவார். அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். படகு ஒரு நீண்ட ஹாரனால் பதில் சொல்லும். அந்தச் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து அடங்கிய பிறகுதான் கொடியை ஏற்றுவார். பிறகு போய்க் கிழங்கை வடிப்பார். அவருடைய கணவர் தூர்மோட் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதனால் அந்த ஹாரன்தான் ஹால்டிஸுக்கு அன்றைய பேச்சுவார்த்தை என்று எனக்குத் தோன்றும்.

பிறகு ரக்னா வந்தாள். பெர்கன் நகரத்தில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். வளைவைத் தாண்டியதும் இருக்கும் பழைய படகுக் கொட்டகையையும், ஹால்டிஸ் வீட்டுக்குக் கீழே இருக்கும் சரிவையும் சேர்த்து வாங்கினாள். வெள்ளைவெளேரென்று ஒரு கம்பம் நட்டாள். ஹால்டிஸின் மரக்கம்பத்தைவிட உயரம். அவளும் படகுக்குக் கொடி இறக்கத் தொடங்கினாள்.

நாளடைவில் ஹாரன் தள்ளிப்போயிற்று. முன்பெல்லாம் படகு வளைவில் திரும்பும்போதே கேட்கும். இப்போது திரும்பி முடித்து, நான் இரண்டு வாஃபிள் எடுத்து வைத்த பிறகு கேட்டது.

கடையில் ஹால்டிஸ் என்னை மறித்தார்.

"ஓட்னி, உங்க கேப்டன் ஆர்விட்டுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"தெரியலையே. ஏன்?"

"அந்தப் பெர்கன்காரிக்கு மட்டும் நீட்டி முழக்கி ஊதறான். எனக்கு ஒரு முக்கல் கூட இல்லை. அவ கம்பத்தைப் பாத்தியா? காத்தடிச்சா டிங் டிங்குன்னு தகரம் தட்டற மாதிரி."

பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த தூர்மோட், "நல்ல கம்பம்தான். துருப்பிடிக்காது" என்றார்.

"அப்ப ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அந்தக் கம்பத்துக்கிட்டயே போ."

ஹால்டிஸ் கொடிக்கம்பத்தின் கப்பிக்கு எண்ணெய் போட்டார். பெரிய கொடியாக வாங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது கோடையில் ஒரு நாள் படகுத்துறைக்கே வந்துவிட்டார். நல்ல கம்பளிக் கோட்டு, கையில் டிக்கெட்.

"இன்னிக்கு நான் பயணி. அப்படி என்னத்தைத்தான் அங்க பாக்கறான்னு பாத்துடறேன். கொடியைத் தூர்மோட் இறக்குவான், சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஃப்ளாஸ்கில் காபியும், மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்திருந்தார். "உங்க காபி விலைக்கு நான் ஒரு ஆடு வாங்கிடுவேன்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

கீழே கூட்டம் குறைந்ததும் அவரைப் பார்க்க மேலே போனேன். பயணிகள் எல்லோரும் கழுத்தை முறித்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருவியின் சாரல் முகத்தில் அடித்ததும் சின்னப் பிள்ளைகள் போலச் சிரித்தார்கள். ஹால்டிஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார்.

"இது இவ்வளவு பெரிசா?" என்றார் மெதுவாக. பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருஷமா இதுக்குள்ளயே கிழங்கு உரிச்சுக்கிட்டுக் கிடக்கேன். இவங்க ஒரு மத்தியானம் வந்து முழுசையும் பாத்துட்டுப் போயிடறாங்க. இது நியாயமா?"

வளைவு வந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சரிவு முழுக்க பிர்ச் மரங்கள், பச்சைச் சுவர் மாதிரி. அதற்கு மேலே ஒரு புகைபோக்கியின் நுனி. அவ்வளவுதான்.

"என் வீடு எங்க?"

நான் புகைபோக்கியைக் காட்டினேன். அவர் உடனே கைப்பேசியை எடுத்தார்.

"தூங்கறியா? கொடி எங்க?"

தூர்மோட்டின் குரல் எனக்கும் கேட்டது. "இறக்கிட்டேன். பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். ஹாரன் வரலையே, இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்?"

அந்த நேரம் பார்த்துக் கரையில் ரக்னாவின் கொடி சரசரவென்று இறங்கியது. படகு ஹாரன் கொடுத்தது, உடனே கொடி சரசரவென்று ஏறியது. பயணிகள் கையசைத்தார்கள். ஒரு ஜெர்மன்காரர் தன் கேமராவை ஹால்டிஸிடம் நீட்டி, அந்தக் கொடியும் தானும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னார். ஹால்டிஸ் எடுத்துக் கொடுத்தார். படத்தில் அந்த மனிதர் இருந்தார், மலை இருந்தது, கொடி இல்லை. "காத்து" என்று சொல்லிவிட்டு ஹால்டிஸ் கேப்டனின் அறைக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

ஆர்விட் அவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"மூணு கோடையா உங்க கொடியே தெரியலை. விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"தினமும் இறக்கறேன்! ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டா, உங்களுக்கு முடியலையான்னு கேக்கற மாதிரி ஆயிடுமே. நீங்களாவது என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"ஹாரனைக் கேட்டு வாங்கவா? நானா?"

எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். மற்றவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருப்போம்.

கொடியை மறைத்தவை, தூர்மோட்டின் முழங்கால் கெட்டு ஆடுகளை விற்ற பிறகு கிளம்பிய மரங்கள். அதுவரை துளிர்களை ஆடுகளே தின்று தீர்த்திருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததால் முற்றத்தில் நின்ற ஹால்டிஸுக்கு அது உறைக்கவே இல்லை. இப்போது வெட்ட வேண்டும். ஆனால் அந்தச் சரிவு ரக்னாவுடையது.

"போய்க் கேளு" என்றார் தூர்மோட்.

"அவகிட்டயா? அதுக்கு நான் கூரை மேல ஏறி நின்னு கொடி காட்டுவேன்."

இரண்டு வாரம் கழித்து, என் விடுமுறை நாளில், ஹால்டிஸ் என் வீட்டு வாசலில் நின்றார். "என் கூட ரக்னா வீட்டுக்கு வா. நீ பேச மாட்டே, அதான் உன்னைக் கூப்பிடறேன்."

ரக்னா கேக் வெட்டி வைத்தாள். ஹால்டிஸ் கேக்கைப் பார்க்கவில்லை. காபி இயந்திரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடலைப் பார்த்த பெரிய ஜன்னலைப் பார்த்தார். மரத்தைப் பற்றிச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

"வெட்டிட்டாப் போச்சு!" என்றாள் ரக்னா. "மோட்டார் ரம்பத்தோட நானே வர்றேன். ஆனா ஒண்ணு, எனக்கு நீ கத்துக் கொடுக்கணும்."

"என்னத்தை?"

"கொடி இறக்கறதை. வந்த புதுசுல ஆர்விட் சொன்னான், 'நல்லாத்தான் செய்யறீங்க, ஆனா ஹால்டிஸ் மாதிரி வராது'ன்னு. அன்னிலேர்ந்து எனக்கு வயிறு எரியுது. அப்படி நீ என்னதான் செய்யறேன்னு உன் முற்றத்துக்குக் கீழ ரெண்டு தடவை ஒளிஞ்சு நின்னு கூடப் பாத்தேன். மரம் மறைச்சுடுச்சு."

ஹால்டிஸ் தட்டை இழுத்துக் கேக்கில் ஒரு துண்டு எடுத்தார். சாப்பிட்டுவிட்டு இன்னொன்றும் எடுத்தார்.

அன்றைக்கே பாடம் நடந்தது. கயிற்றை ஒரு கைக்குக் கீழே மறு கை வைத்துப் பிடிக்கச் சொன்னார். வெட்டி இழுக்கக் கூடாது, முதுகு வளையக் கூடாது, துணி தரையைப் பார்க்கவே கூடாது என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ரக்னா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பதில் வந்து அடங்கும் வரை இறக்கிய கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதை மட்டும் ஹால்டிஸ் சொல்லவில்லை. சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை மரங்கள் சாய்ந்தன. அந்த ரம்பத்தையும் ஹால்டிஸ் ஏக்கமாகப் பார்த்தார்.

மறுநாள் அடுப்பை அணைத்துவிட்டு மேலே போய் நின்றேன். வளைவில் ஹால்டிஸின் கொடி பாதி இறங்கி அசையாமல் நின்றது. ஹாரன் போய் மலையில் மோதித் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் கொடி ஏறியது. பயணிகளில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். அடுத்தது ரக்னா. அழகாக, நிதானமாக இறக்கினாள். ஹாரன் மலையைத் தொடுவதற்குள் மேலே ஏற்றிவிட்டாள். ஆர்விட் உதட்டுக்குள் சிரித்தான்.

கடையில் ரக்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மேல வந்து பாத்தியாமே. உண்மையைச் சொல்லு, இப்ப நான் அவ மாதிரியே இறக்கறேனா?"

இரண்டடி தள்ளி ரொட்டி அலமாரிக்கு முன்னால் ஹால்டிஸ் நின்றிருந்தார். திரும்பவில்லை.

"இறக்கறது அப்படியே அவங்க மாதிரிதான்" என்றேன்.

ரக்னாவின் முகம் மலர்ந்தது. ஹால்டிஸ் கையிலிருந்த ரொட்டி புதிதா என்று இன்னும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே நசுங்கிப் போயிருந்தது.