வலது முன்னங்கால்

பரவையில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்புகிறவர் காலையிலேயே போன் செய்தார்.

"டாக்டரம்மா, வெள்ளைக் குதிரை வலது முன்னங்கால ஊன மாட்டேங்குது. தோள்பட்டையில பிடிச்சிருச்சு போல. சாயங்காலம் திருநகர்ல மாப்பிள்ளை ஊர்வலம். வலி ஊசி ஒண்ணு போட்டுவிடுங்க, போதும்."

நான் கால்நடை மருத்துவர். மாடுகளும் நாய்களும்தான் என்னிடம் அதிகம் வரும். ஆனால் குதிரை என்றால் உடனே கிளம்பிவிடுவேன்.

போனபோது குதிரையின் தோள் எண்ணெயில் பளபளத்தது. தார் ரோட்டில் மெல்ல ஓட்டிக் காட்டச் சொன்னேன். காலைவிடத் தலையைத்தான் கவனித்தேன். இடது கால் ஊன்றும்போது தலை தாழ்ந்தது. வலது கால் பட்டதும் வெடுக்கென்று மேலே போனது. வலிக்கிற காலில் பாரம் இறங்காமலிருக்கக் குதிரை அப்படித்தான் தலையைத் தூக்கிக்கொள்ளும். கால் விஷயத்தில் அவர் சொன்னது சரி. இடம்தான் வேறு.

தோளை அழுத்தினேன், குதிரை சும்மா நின்றது. முட்டியிலும் வீக்கமில்லை. குளம்பு மட்டும் சுட்டது. அதற்குச் சற்று மேலே நாடி படபடவென்று அடித்தது. இடுக்கியால் குளம்பை அழுத்தியதும் காலை உருவிக்கொண்டது.

"அண்ணே, குளம்புக்குள்ள சீழ் வச்சிருக்கு."

"ஊசி போட்டா இன்னைக்கு ஒரு நாள் தாங்காதா?"

"வலி தெரியாம நடக்கும். உள்ள புண்ணு பெருசாகும். பாதி வழியில தடுக்குனா மாப்பிள்ளையும் சேந்துதான் விழுவாரு. நான் போட மாட்டேன்."

அவர் குதிரையின் பிடரியைத் தடவிக்கொடுத்தார். பிறகு மாப்பிள்ளைக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் விஷயத்தைச் சொன்னார்.

"நெசமாவாண்ணே? எனக்குக் குதிரைன்னாலே பயம். மச்சான்க ஆசைப்பட்டாய்ங்கன்னுதான் சரின்னேன். நீங்க அதப் பாருங்க, நான் கார்லயே போயிக்கிறேன்."

எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

லாடத்தைக் கழற்றிக் குளம்பின் அடியைச் செதுக்கினேன். கறுப்பாகச் சீழ் பீறிட்டு வந்தது. நாற்றம் தாங்கவில்லை, எனக்கோ சந்தோஷம். உப்புக் கரைத்த வெந்நீரில் காலை ஊறவைத்துக் கட்டுப் போட்டு, ரணஜன்னி வராமலிருக்க டெட்டனஸ் ஊசியும் போட்டேன்.

அடுத்த வாரம் போனபோது, கட்டியிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு குதிரை பக்கத்து வீட்டுச் சோளத்தட்டையை மேய்ந்துகொண்டிருந்தது. நாலு காலும் தரையில் நன்றாகவே ஊன்றியிருந்தன.