மகேந்திரகிரியைப் பனியனில் அச்சடிக்கப் போன கதை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பலாசா ரயில் நிலையத்தில் இறங்கினோம். நானும், திருப்பூர் மங்கலம் ரோட்டில் உள்ள என் பனியன் யூனிட்டில் ஆறு வருடமாகத் தைக்கும் சுமித்ராவும். அவள் ஒடிசாவின் சவரா பழங்குடிப் பெண். மகேந்திரகிரி அடிவாரம்தான் சொந்த ஊர். எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் புது டிசைன் கேட்டிருந்தார். நல்ல டிசைன் கிடைக்காமல் திருப்பூர் திரும்புவதில்லை என்ற வைராக்கியத்தோடு, ஊருக்குக் கிளம்பியவளோடு ஒட்டிக்கொண்டேன்.

பர்லாக்கெமுண்டிக்கு நாற்பது கிலோமீட்டர். ஷேர் ஜீப்பில் ஆளுக்கு நூறு ரூபாய். அங்கிருந்து இன்னொரு ஜீப், இடுப்பு கழன்றுவிட்டது.

பிற்பகல் மூன்று மணிக்கு அவள் ஊர் போய்ச் சேர்ந்தோம். சுமித்ராவின் அண்ணன் வீட்டுச் செம்மண் சுவரில் அரிசி மாவால் மலையை வரைந்துகொண்டிருந்தார். மலை முழுக்கக் குச்சி மனிதர்கள், குதிரை, மயில். அடேயப்பா! யாரையும் கேட்காமல் போட்டோ எடுத்து, பனியனில் சாம்பிள் அடிக்கச் சொல்லித் திருப்பூர் பிரிண்டிங்காரருக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மலை உச்சியில் நின்றோம். உயரம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். கிழக்கே வங்கக் கடல் தெரிந்தது. சுவர்ப் படத்தைப் பனியனில் அடிக்க அனுப்பிய விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன்.

சுமித்ராவின் முகம் மாறியது. "அது வெறும் படமில்லீங்கக்கா. மலைச் சாமியும் செத்துப்போன எங்க ஆளுங்களும் வந்து தங்கற ஊடுங்க. வரைஞ்சு சோறு வெப்போமுங்க."

"நல்ல காட்டன்லதான் கண்ணு அடிக்கிறோம்" என்றேன். வாய்க்கொழுப்பு.

அந்நேரம் பிரிண்டிங்காரர் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாம்பிள்ல சிவப்புச் சாயம் ஓடிருச்சுங்க. அந்த பீஸ்ல மெஷின் எண்ணெயத் தொடச்சுட்டேன். வேற அடிக்கட்டுங்களா?"

சுமித்ரா அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கெட்டுப்போன துணியில் எண்ணெய் துடைப்பது எங்கள் ஊர் வழக்கம். நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"வேண்டாங்க. அந்தப் படத்துக்குப் போட்ட அச்சு ஸ்கிரீனை அழிச்சிருங்க."

"ஏனுங்க, ஆர்டர் போயிருமுங்க!"

"போகட்டுங்க."

மலையிலிருந்து இறங்கினோம். வீட்டு வாசலில் சுமித்ரா சொன்னாள்: "சாமி ஊடு அழுக்காயிருச்சுங்க, எங்கண்ணன் மறுபடி வரையணுமுங்க. நீங்க ரயிலுக்குப் போங்கக்கா."

"நான் போகல. என்ன செய்யணும், சொல்லு."

ஏற இறங்கப் பார்த்தாள். "அரிசி அரைக்கத் தெரியுமுங்களா?"

ரயிலும் போனது, ஆர்டரும் போனது. கை காந்தக் காந்த அரைத்தேன். அண்ணன் மாவை விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னும் அரைக்கச் சொன்னார்.