டீமேக்கர் ஐயா துப்பிய விஸ்கி

என் எழுத்து மேசையில் ஒரு காலிப் போத்தல் நிற்கிறது. அகன்ற தோளும் குட்டைக் கழுத்துமாக, ஓய்வுபெற்ற துரை ஒருவரின் சாயல் அதற்கு உண்டு. பதினெட்டு ஆண்டுகள் ஷெரி பீப்பாயில் கிடந்த ஸ்கொட்ச் விஸ்கி என்று லேபிள் சொல்கிறது. இப்போது அதில் மணி பிளான்ட் கொடி ஒன்று வேர்விட்டிருக்கிறது. வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போத்தலில் இருந்ததை ஒருமுறை முப்பது பேர் முன்னால் நின்று, கண்ணை மூடி ருசித்து, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருக்கிறேன். உலர்ந்த அத்திப்பழம் என்றேன். பழைய புத்தகத்தின் தோல் அட்டை என்றேன். "தொண்டையைக் கொஞ்சமும் எரிக்கவில்லை, கவனித்தீர்களா? அது வயதின் கனிவு" என்றும் சொன்னேன். எப்படி எரிக்கும்? அது பால் விடாத, ஆறிப்போன பிளேன்டீ.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் பழைய துரை பங்களா ஒன்றை உல்லாச விடுதியாக மாற்றித் திறந்த நாள் அது. உண்மையான சரக்கு கொழும்பிலிருந்து வந்து சேராததால், படம் எடுப்பதற்காகச் சமையற்கட்டில் யாரோ காலிப் போத்தல்களில் பிளேன்டீயை நிரப்பி அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். புதிதாக வந்திருந்த இளம் மனேஜருக்கும் அது தெரியாது. நான் தேயிலைத் தோட்டக் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்தவன். விஸ்கியைப் பற்றி வாசித்தது நிறைய. குடித்தது கொஞ்சம், அதுவும் பிறர் உபயம். என்னைப் பேசும்படி யாரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுவது நல்லது. பேசி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் தோட்டத்து டீமேக்கர் ஐயா மட்டும் தட்டவில்லை. என் கையிலிருந்த கிளாஸை வாங்கி மூக்குக்குக் கீழே ஒரு கணம் பிடித்தார். பிறகு என் காதோரம் குனிந்தார்.

"கிளாக்கரய்யா, இது நம்ம ஸ்டோர் டஸ்ட். அதுவும் ரெண்டாந்தரம் தண்ணி ஊத்துன சாயம்."

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் நாற்பது வருடம் இலையை வாட்டி, அரைத்து, காயவைத்து, ருசி பார்த்து அனுப்பியவர் அவர். என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார் போலும். கேட்காமலே வாக்குக் கொடுத்தார்: "பயப்படாதீங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்." விருந்து முடிந்து கிளம்பும்போது அந்தப் போத்தலைச் சமையற்காரரிடம் கேட்டு வாங்கி, கழுவி, என் கையில் கொடுத்தார். "ஞாபகார்த்தமா வச்சிக்கங்க" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருந்ததுதான் பல மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனைவி இறந்த பிறகு அவர் குடித்தார். ஊர் பேசும் அளவுக்குக் குடித்தார். ஒரே மகளின் கல்யாணத்தன்று தாரை வார்க்க அப்பாவைத் தேடினால், மண்டபத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்த நாற்காலிகளுக்கு நடுவே பட்டு வேட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தார். பெரியப்பாதான் தாரை வார்த்தார். மகள் அன்று ஒன்றும் பேசவில்லை. அவள் பதுளையில் நேர்ஸ் வேலை பார்ப்பவள். காத்திருந்து ஊசி போடத் தெரிந்தவள். தனக்கொரு பெண் குழந்தை பிறந்து, கிழவர் கையை நீட்டிய நாளில்தான் சொன்னாள்: "இந்தக் கையில புள்ளயத் தரணும்னா ஒரு சொட்டு ஒங்க தொண்டையில எறங்கக் கூடாதுப்பா. எறங்குச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே புள்ளயோட ஹட்டனுக்கு, மாமியார் வீட்டுக்குப் போயிருவேன்." ஹாலிஎலயில் ரயில் பாதையோரம் அவர்கள் எல்லோரும் இருந்த அந்தச் சின்ன வீட்டில், அதன்பின் நான்கு வருடம் இருமல் மருந்துகூட அவர் குடித்ததில்லை.

இந்த மனிதரிடம்தான் நான் போய் நின்றேன். விடுதிக்கு உண்மையான சரக்கு வந்துவிட்டது. நான்கு வெவ்வேறு வழக்கங்களில் செய்த, நன்றாக வயதேறிய நான்கு விஸ்கிகள் என்றார் மனேஜர். என் சொற்பொழிவை மறக்காத அந்த நல்ல பையன், ஒவ்வொன்றின் ருசியையும் ஒப்பிட்டு எழுதித் தந்தால் அட்டையாக அடித்து மேசைகளில் வைக்கலாம் என்று கேட்டிருந்தார். பிளேன்டீக்கும் ஸ்கொட்சுக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கை வைத்துக்கொண்டு நான் எதை ஒப்பிடுவது? மகளுக்கு அவர் கொடுத்த வாக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். என் மானத்தைக் காப்பாற்ற அவர் மானத்தைப் பணயம் வைக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதற்கொரு நல்ல வாக்கியம் கண்டுபிடித்திருப்பேன்.

கீழே பாதையில் ரயில் ஒன்று போய் முடிந்தது. பிறகு ஐயா சொன்னார்: "வாயில வைக்கிறது வேலை. தொண்டையில எறங்குனாத்தான் குடி. நாப்பது வருசமா ஒரு நாளைக்கு எத்தன கோப்ப தேத்தண்ணிய வாயில வச்சேன், ஒண்ணு உள்ள போயிருக்குமா? அவ்வளவையும் துப்புனவன் நான். வாறேன்."

மார்கழி மாதப் பகல். நாக்கு மரத்துவிடக் கூடாதென்று காலையில் காரச் சம்பலைத் தொடாமல், வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வந்திருந்தார். கையில் மூடி போட்ட ஒரு பழைய பெயின்ட் வாளி, சட்டைப் பையில் ருசி பார்க்கும் பெரிய கரண்டி, அதோடு பேத்தியின் மருந்துப் போத்தலிலிருந்து எடுத்த சின்ன அளவு மூடி. பங்களா விறாந்தையில் நீள மேசை. கிளாஸ்கள் வேண்டாமென்று நான்கு வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை வரிசையாக வைக்கச் சொன்னார். அந்த மூடியால் அளந்து, கோப்பைக்கு இருபது மில்லி. எனக்கு மட்டும் மனேஜர் தாராளமாகக் கிளாஸில் ஊற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

நமுனுகுல மலை அன்று காலையிலிருந்தே காணாமல் போயிருந்தது. மூடுபனி மலையை முதலில் எடுத்துக்கொண்டது. பிறகு தேயிலையை வரிசை வரிசையாக, பிறகு முற்றத்து ரோஜாச் செடிகளை, கடைசியில் விறாந்தைப் படிகளை. உலகத்தில் நாங்கள் இரண்டு பேரும் நான்கு கோப்பைகளும்தான் மிச்சம். அவர் கரண்டியில் எடுத்து, சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு உறிஞ்சினார். கன்னத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். பிறகு வாளியில் ஒரு சொட்டும் சிந்தாமல் துப்பினார். கோப்பை காலியாகும்வரை அப்படியே. வாய் கொப்புளித்த தண்ணீரை மட்டும் வாளிக்குள் விடாமல், எழுந்து போய் ரோஜாச் செடிக்குக் கொடுத்தார். அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. நான் என் பங்கைத் துப்பவில்லை.

முதலாவது, மூன்று தரம் வடித்த ஐரிஷ். "நல்லா சலிச்ச தூள் மாதிரி. ஒரு குத்தமும் சொல்ல ஏலாது. கூட ஒக்காந்து பேசுறதுக்கும் ஒண்ணுமில்ல. மாப்பிள்ளையா எடுக்கலாம், கூட்டாளியா வேணாம்." இரண்டாவது, உள்ளே கருக்கிய புதுப் பீப்பாயில் வைத்த அமெரிக்க விஸ்கி. "சூடு கூடிப்போச்சு. கருப்பட்டிப் பாகு அடிபுடிச்ச வாசன. நம்ம ஸ்டோர்ல இப்பிடி வந்தா தொர என்னய வெரட்டிருப்பாரு. ஆனா பாருங்க, இது வெக்கப்படல, சிரிச்சுக்கிட்டே வருது." மூன்றாவது, என் பழைய எதிரி, பதினெட்டு வருட ஷெரி பீப்பாய். அவர் புருவம் உயர்ந்தது. "கிறிஸ்மஸ் கேக். இந்தப் பங்களாவுலதான். குசினிக் கதவுகிட்ட நின்னா ஒரு துண்டு தருவாங்க. பிளம்ஸெல்லாம் ஓரத்துல ஒதுங்கிக் கெடக்கும். மொத நாள் நீங்க சொன்ன அத்திப்பழம், அதுவும் இருக்குதுங்க. பொருள் வாறதுக்கு முந்தியே ருசியச் சொல்லிட்டீங்க."

எனக்கு அப்போதே விறாந்தை லேசாக மிதக்கத் தொடங்கியிருந்தது. பழசானால் தேயிலை வைக்கோல், விஸ்கி மட்டும் எப்படி ஏறுகிறது என்று கேட்டேன். "ஆடிக் காத்து வாட்டுனாத்தான் நம்ம எலையில வாசம் வருது. இத பீப்பா வாட்டுது. எலைக்கு ஒரு பகல் போதும், இதுக்குப் பதினெட்டு வருசம். மனுசனுக்கு எவ்வளவுன்னு தெரியல" என்றார். பனிக்குள்ளிருந்து, கண்ணுக்குத் தெரியாத மலையிலிருந்து, கொழுந்து நிறுக்கப் போகும் பெண்களின் பேச்சு மட்டும் உருவமில்லாமல் எங்களைக் கடந்து போயிற்று.

நான்காவது, கடலோரத் தீவொன்றில் சதுப்பு நிலத்துப் புல் மட்கிய கரியின் புகையில் வாட்டிய தானியத்திலிருந்து எடுத்த பதினாறு வருட ஸ்கொட்ச். அவர் உறிஞ்சினார். உருட்டவில்லை. வாயை மூடி, கோப்பையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அவர் தொண்டையைப் பார்த்தேன். சுருக்கம் விழுந்த, பல்லியின் வயிறு போல மெல்லிய தோல். அது அசைந்தால் ஹட்டனுக்குப் போகும் காலை ரயிலில் ஒரு குழந்தை இருக்கும். துப்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாயில் விஸ்கி இருந்தது. பனி படியேறி வந்து மேசைக்கடியில் படுத்துக்கொண்டது. எவ்வளவு நேரமென்று தெரியாது. ஒரு இலை வாடும் நேரம் என்றே இன்றும் எனக்கு நினைவு. பிறகு அவர் வாளியை இரண்டு கையாலும் தூக்கி, குனிந்து, மெதுவாகத் துப்பினார்.

"எங்க லயத்து வீட்டு அடுப்பு" என்றார். "மழ நாளுல நனைஞ்ச வெறக ஊதி ஊதித்தான் அவ எரிப்பா. கண்ணு செவந்துரும். சீலையெல்லாம் இந்த வாசந்தான்." வாளி மூடியை அழுத்திப் போட்டார். "துப்ப மனசு வரல கிளாக்கரய்யா. அதனாலதான் துப்புனேன்."

திரும்பும்போது அந்த வாளியைக் கொட்ட விடவில்லை. த்ரீவீல் ஆட்டோவில், ஒவ்வொரு வளைவிலும், கைக்குழந்தையை வைத்திருப்பது போல மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்த் தனியாகக் குடிக்கத்தான் கொண்டு போகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

வாசலில் மகள் நின்றாள். அப்பா படியேறும்போதே அவள் மூக்கு சுருங்கியது. முகம் அப்படியே செத்துப் போயிற்று. "நாலு வருசம்" என்றாள். உள்ளே திரும்பினாள்; கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. சாட்சி சொல்ல வேண்டிய ஒரே மனிதன் நான். உள்ளே போய், "அம்மா, அப்பா ஒரு சொட்டும் குடிக்கல, சத்தியமா, நான்தான் அவருக்கும் சேத்து..." என்று தொடங்கி, செருப்பு வைக்கும் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அது உடைந்தது.

டீமேக்கர் ஐயா என்னைத் தாண்டிப் போய் வாளியை மேசையில் வைத்தார். மூடியைத் திறந்தார். "கோப்பைக்கு இருவது, நாலு கோப்ப. தண்ணி கலக்கல. அளந்து பாரு."

அவள் நேர்ஸ். நோயாளிக்கு உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று அன்றாடம் எழுதுகிறவள். அளவு ஜாடியை எடுத்து வந்து ஊற்றினாள். ஜன்னல் பக்கம் அந்திவெளிச்சத்தில் தூக்கி, கோட்டைப் பார்த்தாள். "எம்பத்தாறு" என்றாள். "ஆறு எச்சில்" என்றார் அவர். அவள் ஜாடியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னய அளக்க வச்சிட்டீங்களேப்பா."

"வாய்ச் சொல்ல நம்புன்னு ஒங்கிட்ட கேக்குற யோக்கியத எனக்கு இல்லம்மா. அதான் கொண்டாந்தேன்."

உள்ளறையில் பேத்தி தூக்கம் கலைந்து சிணுங்கினாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போயி நல்லா வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க. புள்ளயத் தூக்கணும்ல" என்றாள். பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கு உள்ள போனது எவ்வளவு மாமா?" அதற்கு விடை வெளியே வந்த கணக்காகச் சற்று நேரத்தில் அவர்கள் வீட்டு வாழைமரத்தடியில் கிடைத்தது.

அட்டை அச்சாயிற்று. அவர் சொன்னதைத்தான் எழுதினேன். கீழே என் பெயர் இருக்கிறது. நனைந்த விறகு என்ற வரியை வெளிநாட்டு விருந்தாளிகள் மிகவும் ரசிக்கிறார்களாம். அவர் மனைவியின் சிவந்த கண்ணை நான் எழுதவில்லை. அந்த ஒரு நேர்மையாவது என்னிடம் மிஞ்சியது என்று அவ்வப்போது சொல்லிக்கொள்கிறேன். விருந்தாளிகள் யாராவது விளக்கம் கேட்டால், மனேஜர் இன்னமும் எனக்குத்தான் போன் எடுப்பார். நானும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வேன்.

டீமேக்கர் ஐயா போன வருடம் போய்ச் சேர்ந்தார். தூக்கத்தில், ஒரு ஆடிக் காற்று நாளில். கடைசிவரை ஒரு சொட்டுக் குடியும் அந்தத் தொண்டையில் இறங்கவில்லை. கருமாதி அன்று அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மகள் ஒரு தட்டில் கிளாஸ்களை வைத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல சிவந்த நிறம். வெயிலில் பிடித்தால் என் மேசைப் போத்தலின் லேபிளில் போட்டிருக்கும் அதே நிறம். அவரை நினைத்துக்கொண்டு மூக்கருகே பிடித்து மெதுவாக முகர்ந்தேன். கண் தானாக மூடிக்கொண்டது. அவருக்காக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. தொண்டையைச் செருமினேன்.

"மாமா" என்றாள் மகள், தட்டோடு குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அது வெறும் பிளேன்டீதான். ஆரம்பிச்சிராதீங்க."