தேன்மொழி தமிழில் சொன்ன தீர்மானம்

செனாய் தொழிற்பேட்டை கேண்டீன் ஒன்றில் சமைக்கும் தேன்மொழிக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கட்சிக் கிளையின் மகளிர் பிரிவுச் செயலாளர் ஆக வேண்டும். பிறந்தபோது ஆண் பிள்ளை என்று பதிந்துவிட்டார்கள். அடையாள அட்டை இன்றும் அதையே சொல்கிறது. கிளையில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அவளிடம் வேலை வாங்கும்போது யார் திறப்பார்கள்?

போன கிளைத் தேர்தலில் பெரிய சண்டை. கூட்டத்தை மலாயில் நடத்தினால்தான் மேலிடம் மதிக்கும் என்றது ஒரு கோஷ்டி. தமிழில்தான் நடத்துவேன் என்றார் தலைவர் பதவிக்கு நின்ற கனகராஜ். தேன்மொழி அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினாள். ரப்பர் தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிவந்த அம்மாக்களை, கிளை வேனைத் தானே ஓட்டி வாக்களிக்க அழைத்து வந்தாள். கனகராஜ் தலைவரானார். "அடுத்த கூட்டத்துல செயலாளர் நீதாம்மா," என்றார். பாவம், நம்பினாள்.

அந்தக் கூட்டமும் வந்தது. கனகராஜ் ஒரு தீர்மானத்தை மலாயில் கடகடவென்று வாசித்தார். தலை நிமிரவே இல்லை.

"என்ன மக சொல்றாரு?" பக்கத்தில் இருந்த காளியம்மா வழக்கம்போல் தேன்மொழியின் கையைச் சுரண்டினார். மலாயில் எது வந்தாலும் அம்மாக்களுக்கு எடுத்துச் சொல்வது அவள்தான்.

தேன்மொழி எழுந்தாள். "தலைவரே, இத உங்க வாயால தமிழ்ல சொல்லுங்க."

"மேலிடத்துத் தீர்மானம் லா, நான் என்ன செய்ய? நீயே சொல்லிடும்மா."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அவளும் சொன்னாள், ஒரு சொல் குறைக்காமல். "அடையாள அட்டையில பொம்பளைன்னு இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் மகளிர் பிரிவுல பதவி. ஒத்துக்கிறவங்க கை தூக்கணும்."

"அது நம்ம..." என்று இழுத்தார் காளியம்மா. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் தேன்மொழி.

"ஆமா பெரியம்மா. என்னத்தான்."

காளியம்மா தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணைக் காட்டினார். காளியம்மாவின் கை மெல்ல மேலே போனது. "கோவிச்சுக்காத மக. தலைவர் சொல்றாரு லா." பின்னாலேயே மற்ற அம்மாக்களின் கைகளும் உயர்ந்தன.

கனகராஜ் செய்ததைக்கூட அவள் தாங்கியிருப்பாள். பெரியம்மாவின் கையைத்தான் தாங்க முடியவில்லை.

கனகராஜ் அடுத்ததை வாசித்தார், அதுவும் மலாயில்தான். காளியம்மா பழக்கத்தில் திரும்பினார்.

"இப்ப என்ன மக சொல்றாரு?"

"எனக்கும் புரியல பெரியம்மா," என்ற தேன்மொழி, வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.